தலைவர் வராமல் பத்து லட்சம் ஆகாது

கடலை ஒட்டிய அந்த நகரத்தில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டினார்கள், வாரியம் மிதிவண்டியை வளர்த்தது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் வாரியத்தின் கருத்தரங்கு ஒன்றுக்குக்கூடப் போகாத பாக்கியசாலிகள். ஊர் சைக்கிளுக்குத் தோதான ஊர்தான், அதில் பொய்யில்லை. மேடு பள்ளம் கிடையாது. கடற்சுவரை ஒட்டி நீளமாக ஒரு சைக்கிள் பாதை. காற்று மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். போகும்போது முகத்தில் அறைந்தது, திரும்பும்போதாவது முதுகைத் தள்ளும் என்று நம்பிக் கிளம்பினால், அதற்குள் திசை மாறி மறுபடியும் முகத்திலேயே அறையும். வாரியம் பிறப்பதற்கு முன்பிருந்தே கொத்தனார்களும் டீச்சர்களும் மீன் விற்பவர்களும் இந்தக் காற்றில் மிதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு வாரியம் வந்து, அவர்கள் செய்வது ஒரு புரட்சி என்று கண்டுபிடித்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

வாரியத்தின் முழுப்பெயர் மிதிவண்டிப் பெருவாழ்வு வாரியம். துறைமுகத்துப் பக்கம் நாலு மாடிக் கட்டடம். வாசலிலேயே பளிங்கில் செதுக்கி வைத்திருந்தார்கள்: ‘இக்கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. எங்கள் கால்களே எங்களுக்குத் துணை.’ தலைவர் தினமும் காலையில் சைக்கிளில் வந்து இறங்குவார். கார் தெருமுனையிலேயே நின்றுவிடும், அது வேறு விஷயம். இறங்கியவர் சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியேறுவார். புகைப்படக்காரர்கள் படிக்கட்டின் முதல் திருப்பம் வரைதான் வரலாம். அதற்கு மேல் தலைவரின் தனிமையை மதிக்க வேண்டும் என்று ஒரு கயிறு கட்டியிருந்தது.

அந்தத் திருப்பத்தைத் தாண்டியதும் ‘பழைய கோப்புகள்’ என்று எழுதிய ஒரு மர அலமாரி. அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே லிஃப்ட்.

லிஃப்டுக்குள் ஓர் அம்மாள் காத்திருப்பாள். தலைவரின் தோளிலிருந்து சைக்கிளை வாங்கிச் சாய்த்து வைப்பதும், நாலாவது மாடி வந்ததும் தலைவரின் நெற்றியில் சின்னப் புட்டியிலிருந்து தண்ணீரைப் புஸ்ஸென்று அடித்து வியர்க்க வைப்பதும், அவருக்குக் கைக்குட்டை கொடுப்பதும் அவளுடைய உத்தியோகம். பத்து வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். வருஷா வருஷம் அடுத்த வருஷம் நிரந்தரம் என்பார்கள். லிஃப்டைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை சொல்வார்கள். அவளுக்கு ஆஸ்துமா. புருஷன் இல்லை. ஒரே தம்பி.

அந்தத் தம்பிதான் இந்தக் கதையின் நாயகன். லிஃப்ட் மெக்கானிக். எந்நேரமும் இடுப்பில் ஒரு ஸ்பானர் தொங்குவதால் ஊரே அவனை ஸ்பானர் என்றுதான் கூப்பிட்டது. அக்கா மட்டும் தம்பி என்பாள். அக்காவின் சிபாரிசில்தான் வாரியத்து வேலை அவனுக்குக் கிடைத்தது. கணக்கில் அவன் தச்சன், அலமாரி பராமரிப்பு. லிஃப்ட் மோட்டார் இருக்கும் மொட்டைமாடி அறைக்கு இரண்டு சாவிகள் இருந்தன. ரகசியம் காப்பதற்காக ஒன்றைச் செயலாளர் அம்மாள் தன் கையாலேயே கடலில் வீசினார். மிச்சமிருந்தது ஸ்பானரின் பையில்.

அன்று வாரியத்துக்குத் திருநாள். கடற்கரைப் பாதையின் நடுவில் ஓர் எண்ணிக் கம்பம் நின்றது. தரையில் பதித்த கம்பியின் மேல் சைக்கிள் ஏறியதும் கம்பத்தில் ஓர் எண் கூடும். அந்த வருஷத்துக் கணக்கு பத்து லட்சத்தைத் தொடப்போகிறது. பத்து லட்சமாவது ஆளுக்குத் தலைவர் பச்சைக் கொடி காட்டுவார். உலகத் தரவரிசைக் குழு என்று மூன்று பேர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து பார்ப்பார்கள். உலகத்துச் சைக்கிள் நகரங்களில் ஊர் முதலிடத்துக்குப் போகும் என்று ஏற்பாடு.

ஸ்பானர் ஊரின் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“தம்பி, நின்னுபோச்சு.”

“எது நின்னுபோச்சு?”

“பெட்டிதான். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல. கீழ இறங்கிட்டிருந்தோம். விழாவுக்குக் கிளம்பி.”

“யார் யாருக்கா இருக்கீங்க?”

“நான், தலைவர், சைக்கிள்.”

அக்காவின் குரலுக்குப் பின்னால் மெலிதாக ஒரு விசில். அந்த விசில் ஸ்பானருக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அவள் நெஞ்சிலிருந்து வருவது.

“இன்ஹேலர் எங்கக்கா?”

“மேல, டிராயர்ல. ரெண்டு நிமிஷத்துல திரும்பிடுவோம்னு விட்டுட்டு வந்தேன். ஃபேன் வேற நின்னுடுச்சு. இவர் விழாவுக்குன்னு சென்ட்டை அடிச்சிருக்காரு பாரு, அதான் ஒத்துக்கல. பதறாத. மெதுவா வா.”

மெதுவா வா என்று அக்கா சொன்னால் ஓடி வா என்று அர்த்தம். ஸ்பானர் பையை கேரியரில் கட்டிக்கொண்டே, “தீயணைப்புக்குப் போன் பண்ணுக்கா” என்றான். போனில் தலைவரின் கனத்த குரல் குறுக்கே வந்தது. “தீயணைப்பெல்லாம் கூடாது. அவங்க வந்தா எழுதுவாங்க. எழுதினா படிப்பாங்க.”

தலைவரின் காரைத் தவிர மோட்டார் வண்டி எதுவும் பகலில் கடற்கரைப் பக்கம் வரக்கூடாது என்பதால், அவன் சைக்கிளில்தான் போயாக வேண்டும். காற்று வழக்கம்போல் எதிரே. ஸ்பானர் எழுந்து நின்று மிதித்தான். மனசில் ஒரே கணக்குதான் ஓடியது. போய்ச் சேர வேண்டும், மாடியறையைத் திறக்க வேண்டும், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை இறக்க வேண்டும். அதுவரை அக்கா மூச்சு விட வேண்டும்.

பாதி வழியில் எண்ணிக் கம்பம் வந்தது. பாதைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனுக்கு அந்தப் பக்கம் பந்தல், வாத்தியக்காரர்கள், கோட்டு போட்ட மூன்று பேர். இந்தப் பக்கம் மஞ்சள் ஹெல்மெட் போட்ட பாதை அதிகாரி ஒருவர், விசிலை ஊதிக் கையைக் காட்டினார். ஸ்பானர் பிரேக் போட்ட வேகத்தில் பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. கம்பத்தில் 9,99,999 என்று எரிந்துகொண்டிருந்தது.

“வாழ்த்துகள்” என்றார் ஹெல்மெட்காரர். “நீங்கதான் அது.”

“எது சார்?”

“பத்து லட்சம்.”

“சரி சார், போயிடறேன்.”

“போகக்கூடாது. தலைவர் வரணும். கொடி காட்டணும். அப்புறம்தான் நீங்க பத்து லட்சம். இப்ப நீங்க வெறும் ஆளு.”

“சார், எனக்கு அவசரம். உயிர் போற அவசரம்.”

ஹெல்மெட்காரர் பரிதாபமாகச் சிரித்தார். “மிதிவண்டியில அவசரம்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்க. அது கார்க்காரங்க வியாதி. எங்க கையேட்டுல முதல் பாடமே, மிதிவண்டி என்பது வந்து சேர்வதற்கல்ல, போய்க்கொண்டிருப்பதற்கு.”

“அப்ப போய்க்கிட்டிருக்க விடுங்களேன்.”

“தலைவர் வந்ததும்.”

ஸ்பானர் சைக்கிளைத் திருப்பினான். விசில். ஒருவழிப் பாதை, திரும்பக்கூடாது. சரி, சைக்கிளை இங்கேயே போட்டுவிட்டு ஓடுகிறேன் என்று ஸ்டாண்டைத் தட்டினான். விசில். பாதையில் மிதிவண்டியை அநாதையாக விடுவது குற்றம். உருட்டிக்கொண்டு நடந்தால்? சைக்கிள் பாதையில் நடப்பது குற்றம். நடைபாதை கடற்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது; அங்கே போக வழி கம்பத்தைத் தாண்டித்தான். அவனுக்குப் பின்னால் அதற்குள் வரிசை நீண்டுவிட்டது. அடுத்ததாக நின்றவர் ரொட்டிக்காரர். முன்பக்கம் பெரிய பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள், பெட்டி நிறைய ரொட்டி. அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட டீச்சர், தபால்காரர், இன்னும் யார் யாரோ. சைக்கிளுக்கு விழா எடுப்பதற்காக ஊரிலுள்ள சைக்கிளையெல்லாம் நிறுத்தி வைத்த பெருமை உலகத்தில் வேறு எந்த ஊருக்காவது உண்டா தெரியவில்லை.

“இது என்னங்க கூத்து, ரொட்டி ஆறுதே” என்றார் ரொட்டிக்காரர்.

“பெருவாழ்வுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்றார் ஹெல்மெட்காரர்.

இதற்கிடையில் இரண்டு பேர் வந்து ஸ்பானரைத் தயார் செய்ய ஆரம்பித்தார்கள். ஒருவர் அவன் முகத்தைத் துடைத்தார். இன்னொருவர் சைக்கிள் மணியைக் கழற்றிவிட்டு வாரியத்தின் மணியை மாட்டினார். பழைய மணி துருப்பிடித்திருந்தது, தரவரிசைக் குழு பார்த்தால் மார்க் போய்விடுமாம். இடுப்பில் தொங்கிய ஸ்பானரையும் கழற்றச் சொன்னார்கள். அவன் முறைத்த முறைப்பில் அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

“சிரிங்க.”

“என்னது?”

“தாண்டும்போது சிரிக்கணும். ஒத்திகை பாத்துடுவோம். ம், பல்லு தெரியட்டும். கண்ணும் சிரிக்கணும், வாய் மட்டும் சிரிச்சா கேமராவுல அழற மாதிரி தெரியும்.”

போன் அடித்தது.

“எங்க வந்துட்ட?” அக்கா இப்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்றாள்.

“கம்பத்துகிட்ட. நிறுத்தி வெச்சிருக்காங்கக்கா.”

“ஏன்?”

“தலைவர் வரணுமாம்.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிப்பா இருமலா தெரியவில்லை, இரண்டும் கலந்துதான் இருக்க வேண்டும். பின்னால் தலைவரின் குரல் முழங்கிக்கொண்டிருந்தது: “...இந்தக் கால்கள், ஆம் நண்பர்களே, இந்தக் கால்கள்தான் என்னை இங்கே கொண்டு வந்தன...”

“யார்கிட்டக்கா பேசறாரு?”

“ஒத்திகை. மூணாவது தடவ.”

“உக்காருக்கா. சாஞ்சு உக்காரு. பேசாத. போனை அவர்கிட்ட குடு.”

தலைவர் போனை வாங்கிக்கொண்டார். “யாரு, அலமாரியா? ஏன்ப்பா இவ்வளவு லேட்டு? வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வந்து வெயில்ல நிக்கறாங்க. ஒரு பொறுப்பு வேணாம்? சரி, விழாவுல யாராவது கேட்டா, தலைவர் வர்ற வழியில பஞ்சரான ஒரு மாணவிக்கு உதவிட்டிருக்காருன்னு சொல்லச் சொல்லு. மாணவி போதும், வயசு சொல்ல வேணாம்.”

“சார், எங்கக்காவுக்கு மூச்சு முட்டுது. கொஞ்ச நேரம் பேசாம இருங்க. சென்ட் அடிச்ச கோட்டைக் கழட்டிச் சுருட்டி வெச்சிடுங்க.”

“கோட்டைக் கழட்டிட்டு எப்படிப்பா விழாவுக்கு வர்றது?” என்றார் தலைவர், நிஜமாகவே புரியாமல்.

பத்து வருஷமாக ஒரு மூச்சு விடாமல் காத்த ரகசியம். சொன்னால் அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் அக்காவே போய்விடுவாள். அவன் ஹெல்மெட்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோரம் சொன்னான்: “சார், தலைவர் வரமாட்டாரு. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டிருக்காரு. அதைத் திறக்கிற சாவி என் பையில இருக்கு. நான் போனாத்தான் அவர் வருவாரு. அவர்கூட எங்கக்கா இருக்கா, மூச்சுவிட முடியல.”

ஹெல்மெட்காரரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். முதலில் பயம், அப்புறம் கோபம், கடைசியில் கையேடு. “எங்க கட்டடத்துல மின்தூக்கி கிடையாது” என்றார். “வாசல்லயே எழுதியிருக்கு. இல்லாத மின்தூக்கியில எப்படிங்க ஒருத்தர் மாட்டிக்க முடியும்?”

“உங்க செயலாளரைக் கூப்பிடுங்க.”

செயலாளர் அம்மாள் வந்தார். நல்ல உயரம், கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள். அவருக்கு எல்லாம் தெரியும். அரைமணி நேரமாகத் தலைவர் அவரிடமும் போனில் கத்திக்கொண்டுதான் இருந்தார். ஸ்பானரைப் பந்தலின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்தபடி, ஆனால் புன்னகை மாறாமல் பேசினார். கோட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா.

“நீங்க போகணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா நீங்க தாண்டினா பத்து லட்சம் ஆயிடும். தலைவர் இல்லாம ஆயிடும். ஆயிடுச்சுன்னா திரும்ப ஆகாது.”

“கம்பத்தை அணைச்சுடுங்க.”

“தலைவர் கைரேகை வேணும்.”

“சைக்கிளைத் தூக்கிக்கிட்டு அந்தக் கம்பி மேல படாம தாண்டிடறேன்.”

அம்மாள் பதறிப்போனார். “தரவரிசைக் குழு முன்னாடியா? மிதிவண்டி நகரத்துல மிதிவண்டியை ஒருத்தன் சுமக்கறதா? என்ன நினைப்பாங்க?”

“உங்க தலைவர் தினமும் சுமக்கறாரே.”

“அவர் படியில சுமக்கறாரு. அது ஊக்கம். பாதையில சுமந்தா அது அவமானம்.” சொல்லிவிட்டு அம்மாள் நாலு பேரைக் கையசைத்துக் கூப்பிட்டார். “ஒண்ணும் பிரச்சினை இல்ல. அவசரக் கூட்டம் போட்டுடலாம்.”

போட்டார்கள். பந்தலுக்குப் பின்னால், ஒரு பெரிய குடைக்குக் கீழே, நின்றபடியே கூட்டம். முதலில் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகளை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு, விவாதிக்கும் பொருளில் ‘மின்தூக்கி’ என்ற சொல் வரலாமா என்று விவாதித்தார்கள். வரக்கூடாது, ‘செங்குத்து அலமாரி’ என்று குறிப்பிடலாம் என்று முடிவானது. ஓர் உறுப்பினர், அலமாரிக்குள் இருக்கும் பெண் ஊழியர் வாரியத்தின் ஊழியரா ஒப்பந்ததாரரின் ஊழியரா என்று தெளிவுபடுத்தக் கேட்டார். ஒப்பந்ததாரர்தான் என்றதும் அனைவரும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஸ்பானருக்கு அந்த மூச்சைக் கேட்டபோது யாரையாவது அடித்துவிடலாம் போலிருந்தது.

“முடிவு பண்ணியாச்சு” என்று அம்மாள் திரும்பி வந்தார். “நீங்க போகலாம்.”

ஸ்பானர் பெடலில் கால் வைத்தான்.

“தலைவர் ஒப்புதலுக்கு உட்பட்டு.”

தலைவருக்குப் போன் போட்டார்கள். அம்மாள் ஸ்பீக்கரில் வைத்தார். நிலைமையை விளக்கினார்: மெக்கானிக் தாண்டினால்தான் தலைவர் வெளியே வர முடியும், ஆனால் தாண்டினால் பத்து லட்சம் ஆகிவிடும்.

தலைவர் யோசித்தார். அந்த அமைதியில், பின்னாலிருந்து, இழுத்து இழுத்து வரும் ஒரு மூச்சு எல்லோருக்கும் கேட்டது. வரிசையில் நின்ற ரொட்டிக்காரருக்குக்கூடக் கேட்டது. அவர் தலையை நிமிர்த்தினார்.

“நான் இல்லாம பத்து லட்சமா?” என்றார் தலைவர். “இந்த வாரியத்துக்காக நான் எவ்வளவு படி ஏறியிருக்கேன். அடுத்த மாசம் என் பதவிக் காலம் முடியுது. இன்னொரு பத்து லட்சம் என் காலத்துல வராது. அவரை நிறுத்தி வைங்க. வேற வழி யோசிங்க. எனக்கு இங்க ஒண்ணும் கஷ்டமில்ல. இந்தம்மாதான் கொஞ்சம் சத்தம் போட்டுக்கிட்டிருக்காங்க, அதுவும் இப்ப குறைஞ்சிடுச்சு.”

குறைந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று அந்தப் பந்தலில் தெரிந்தவன் ஒருவன்தான். ஆஸ்துமாக்காரருக்குச் சத்தம் இருக்கிறவரை காற்று போய்வருகிறது. சத்தம் நிற்பதுதான் ஆபத்து. “அக்கா,” என்று போனைப் பார்த்துக் கூப்பிட்டான். “அக்கா, இருக்கியா?” பதிலில்லை. தலைவர்தான், “நண்பர்களே” என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஸ்பானர் யாரையும் எதையும் கேட்கவில்லை. சைக்கிளில் ஏறினான். ஹெல்மெட்காரர் ஹேண்டில்பாரைப் பிடித்தார், வாரியத்தின் புது மணி அவர் கையோடு போனது. ரிப்பன் மார்பில் மாட்டி அறுந்தது. தரைக் கம்பியின் மேல் டயர் ஏறி இறங்கியது. எண் மாறினால் வாசிக்க வேண்டும் என்று வாத்தியக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார்கள், மற்றது அவர்களுக்குத் தெரியாது, வாசித்துத் தள்ளிவிட்டார்கள். எங்கிருந்தோ வண்ணக் காகிதங்கள் கொட்டின. ஒரு கேமரா பளிச்சென்றது. வாயைப் பிளந்து, கண் பிதுங்கி, “அக்கா” என்று கத்தியபடி போகும் அவன் முகம் மறுநாள் ஊர் முழுக்கச் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. கீழே ‘மிதித்தால் மகிழ்ச்சி’ என்று போட்டிருந்தார்கள். சிரிப்பு இயல்பாக அமைந்திருக்கிறது என்று தரவரிசைக் குழுவே பாராட்டியதாகக் கேள்வி.

விசில் சத்தத்தையும் மீறிப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. ரொட்டிக்காரர் மூன்று சக்கரத்தையும் உருட்டிக்கொண்டு அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் டீச்சர், தபால்காரர், மொத்த வரிசையும். கம்பத்தில் எண்கள் ஓடின.

வாரியத்து வாசலில் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு, ஸ்பானர் நாலு மாடியும் ஏறினான். அந்தக் கட்டடத்தின் படிகளை அடிமுதல் நுனிவரை ஒரே மூச்சில் ஏறிய முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும். நாலாவது மாடியில் அக்காவின் டிராயரை இழுத்து இன்ஹேலரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். மாடியறையைத் திறந்தான். மின்சாரத்தைத் துண்டித்து, பிரேக்கைத் தளர்த்தி, கைச்சக்கரத்தைச் சுற்றினான். கைச்சக்கரத்தை அவசரப்பட்டுச் சுற்றக்கூடாது, பெட்டி துள்ளும். உலகத்திலேயே வேகமாக ஓட வேண்டிய நேரத்தில் அவன் கை, ஆட்டுக்கல் சுற்றுவதுபோல நிதானமாகச் சுற்ற வேண்டியிருந்தது. சுற்றினான். வாய்விட்டு அழுதுகொண்டே சுற்றினான்.

இரண்டாவது மாடிக்கு ஓடி இறங்கிக் கதவைத் திறந்ததும் முதலில் சைக்கிள் வந்தது. அதன் பின்னால் தலைவர். “டை நேரா இருக்கா?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அக்கா மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மடியில் தலைவரின் வியர்வைப் புட்டி. ஸ்பானர் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினான். உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினான். “இழுக்கா. கொஞ்சம் இழு. எனக்காக இழு.” மூன்றாவது தடவை அவள் நெஞ்சிலிருந்து அந்த விசில் திரும்பவும் கேட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஆம்புலன்ஸ் கடற்கரைப் பகுதியின் எல்லை வரைதான் வருமாம். அக்காவைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தபோது ரொட்டிக்காரர் பெட்டியிலிருந்த ரொட்டிகளை அள்ளி வாசற்படியில் வைத்துவிட்டு, “இதுல படுக்க வைங்க, சூடா இருக்கும், ஒண்ணும் பண்ணாது” என்றார். அக்காவை அதில் சுருட்டிப் படுக்கவைத்து இருவரும் மாறி மாறி மிதித்தார்கள். அப்போது பார்த்து அந்த முரட்டுக் காற்று முதுகைத் தள்ளியது. வாரியத்துக்கு முன்னால் பிறந்த காற்றல்லவா.

அடுத்த நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அக்கா ஆக்ஸிஜன் முகமூடியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிழைத்துவிட்டாள். ஆனால் பேசக்கூடாது, மூச்சைச் சேமிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செயலாளர் அம்மாள் பழக்கூடையோடு வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

“தலைவர் நேர்லயே வர்றாரு. பத்திரிகைக்காரங்களும் வர்றாங்க. நேத்து நடந்ததைப் பத்தி வெளியில ஏதேதோ பேச்சு கிளம்பியிருக்கு. அதுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கணும்.” அம்மாள் ஸ்பானரைப் பார்த்தார். “உங்கக்கா படியேறும்போது மூச்சு வாங்கி உக்காந்துட்டாங்க. அவ்வளவுதான். ஆமான்னு தலையாட்டினா போதும். வேலை இன்னைக்கே நிரந்தரம். உங்க அலமாரி வேலையும் அப்படியே தொடரும். ஆட்டலைன்னா, உங்களுக்கே தெரியும்.”

அம்மாள் போன பிறகு அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆட்டிடுக்கா” என்றான் ஸ்பானர். சொல்லும்போது அவனுக்கே வாய் கசந்தது. “பத்து வருஷம். வேலை போயிட்டா இந்த மருந்துக்கே என்ன பண்ணுவோம்? நீ உயிரோட இருக்க, எனக்கு அது போதும்.”

அக்கா அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

தலைவர் வந்தார். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்கு அவர் எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நெற்றி மட்டும் நனைந்திருந்தது. கேமராக்கள் கட்டிலைச் சூழ்ந்தன. கடைநிலை ஊழியருக்கும் கைகொடுப்பவன் நான் என்று காட்டுவதற்காக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

“நண்பர்களே, நேற்று ஒரு வரலாற்று நாள். அந்த நாளில் நம் சகோதரி ஒருவர் வாரியத்தின் படிகளில் மூச்சு வாங்கி விழுந்துவிட்டார். இது எதைக் காட்டுகிறது? நம் ஊழியர்களுக்கு உடற்பயிற்சி போதாது என்பதைக் காட்டுகிறது. நானும் அதே படிகளில்தான் ஏறுகிறேன். தோளில் மிதிவண்டியோடு ஏறுகிறேன். எனக்கு மூச்சு வாங்குகிறதா? ஆகவே அடுத்த மாதம் முதல் ஒப்பந்த ஊழியர்கள் அனைவரும் வேலைக்கு முன் இரண்டு முறை படியேறி இறங்க வேண்டும் என்று ஆணையிடுகிறேன். இது தண்டனை அல்ல. அன்பு.” கேமராக்கள் பளிச்சிட்டன. அவர் அக்காவின் பக்கம் குனிந்தார். “சொல்லுங்கம்மா, படியேறும்போது என்ன ஆச்சு?”

தலையாட்டினால் போதும். செயலாளர் அம்மாள் வாசலில் நின்று தன் தலையை மெதுவாக ஆட்டிக் காட்டினார். ஸ்பானர் தரையைப் பார்த்துக்கொண்டான்.

அக்கா அவசரப்படவில்லை. தன் கையைத் தலைவரின் கையிலிருந்து எடுத்து, முகமூடியைக் கழற்றி, மூச்சை ஒருதடவை நன்றாக இழுத்துக்கொண்டாள். இத்தனை நாள் சேமித்ததையெல்லாம் இழுத்ததுபோல் இருந்தது.

“படி எப்படி இருக்கும்னு எனக்கு எப்படி சார் தெரியும்?” என்றாள். குரல் சன்னமாக இருந்தாலும் மைக்குகள் பக்கத்திலேயே இருந்தன. “பத்து வருஷமா உங்களையும் உங்க சைக்கிளையும் லிஃப்ட்லதானே கூட்டிட்டுப் போறேன்.”

சொல்லிவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டு மூச்சு விட்டாள்.